ஓட்டை வைத்த சும்மாடு

சாமான் தூக்கும் ஆட்களிடம் போய், ஒட்டகத்துக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்டால் நாலைந்து பேர் நான்தான் என்பார்கள். வலது தோளின் பின்பக்கம், கழுத்துக்கும் தோள் எலும்புக்கும் நடுவே அவருக்கு ஒரு திமில் இருந்தது. தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன தோள் அந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. இப்படி ஒன்று வேறு யாருக்கும் வாய்த்ததில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அதைத் தொட்டுக் காட்டி, "பாத்துக்க, சர்வீஸ்னா இதுதான்" என்பார்கள். ஒட்டகமும் சட்டையை இறக்கி நன்றாகவே காட்டுவார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சட்டையைக் கழற்றச் சொன்னபோதுகூட அந்தப் பழைய பெருமையில் கொஞ்சம் அவர் முகத்தில் மிச்சம் இருந்தது.

பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ், துணி துவைக்கிற மெஷின், யாருக்கோ பரம்பரையாக வந்த பியானோ. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்களில் இவற்றை ஏற்றி இறக்குவதுதான் தொழில். சாமானுக்கு அடியில் ஒரு நீளமான பட்டை போகும். அதன் ஒரு முனை முன்னால் போகிறவர் தோளில், மறுமுனை பின்னால் வருகிறவர் தோளில். முன்னால் எப்போதும் ஒட்டகம். பின்னால் அவர் மனைவியின் தம்பி. இறங்கும்போது பாரமெல்லாம் முன்னால் இருப்பவர்மேல்தான் சாயும். பின்னால் இருப்பவனுக்குச் சாமான் மறைப்பதால் படியே தெரியாது. அதனால் முன்னால் போகிறவர் வாயை மூடக்கூடாது. "படி... படி... திருப்பம்... சுவத்தப் பாரு... படி..." என்று சொல்லிக்கொண்டே போகவேண்டும். கடைசிப் படி முடிந்து கால் கீழே பட்டதும் "தரை" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் மைத்துனன் மூச்சு விடுவான். "வீட்டுல சண்டை போட்டாலும் போடுவோம், படியில போட மாட்டோம்" என்பது ஒட்டகத்தின் பேச்சு.

தலையில் பாரம் வைக்கிறவர்கள் அடியில் வைப்பது சும்மாடு. இவர்கள் பட்டைக்கும் தோளுக்கும் நடுவே வைக்கிற சின்ன மெத்தையையும் அப்படியே சொல்வார்கள். ஒட்டகத்தின் சும்மாடுகளை அவர் மனைவிதான் தைப்பாள். பழைய கம்பளியை நாலாக மடித்து, மேலே கெட்டித் துணி வைத்து, கை ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகத் தையல். தன் முதுகைத் தானே பார்க்க முடியாது என்பதால் அதை மாமாவின் தோளில் வைத்துப் பட்டையைப் போடுவது மைத்துனன் வேலை. பல வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள் பட்டையை இழுத்துவிட்டபோது ஒட்டகம் முனகினார். அவன் சட்டையை விலக்கிப் பார்த்தான். பட்டன் அளவுக்கு ஒரு தடிப்பு. அன்று சாயங்காலம் அக்காவிடம் வந்து, "அக்கா, அந்த எடத்துல மட்டும் சும்மாட்டுல ஒரு ஓட்டை வச்சிரு. காய்ப்பு உள்ள உக்காந்துக்கும், பட்டை மேல படாது" என்றான். அவளும் வைத்தாள். சுற்றிலும் துளி இடம் விட்டு வெட்டி, ஓரம் பிரியாமல் நெருக்கமாகக் காஜா போட்டாள். மறுநாள் ஒட்டகம் வேலை முடிந்து வந்து, "பட்டை போட்டதே தெரியலடி. ராஜா மாதிரி இருந்துச்சு" என்றார். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் பிரியமாக இருந்தார்கள்.

சும்மாடு தேய்ந்தால் புதிதாகத் தைக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் ஓட்டை கொஞ்சம் பெரிதானது. வலித்திருந்தால் எப்போதோ டாக்டரிடம் போயிருப்பார்கள். வலிக்காமல் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருநாள் அந்தக் காய்ப்பு உடைந்து சட்டை நனைந்து, யாரோ ஒருவருடைய புத்தம்புது மெத்தையில் ரத்தக் கறை பட்டு, வேலை கொடுக்கிற சாமான் கடைக்காரர் சத்தம் போட்ட பிறகுதான் ஆஸ்பத்திரி.

ஒரு துணுக்கு வெட்டி எடுத்துச் சோதித்துப் பார்த்த பிறகு டாக்டரம்மா மூன்று பேரையும் உட்காரவைத்தாள். சின்ன வயசுதான். குரலை உயர்த்தத் தெரியாதவள்.

"இது காய்ப்பு இல்லைங்க. தோல்ல வர்ற ஒரு அபூர்வமான கேன்சர். நாங்களே எப்பவாவது ஒண்ணுதான் பாக்கறோம்."

"அபூர்வம்னா நல்லதா கெட்டதா?" என்றார் ஒட்டகம்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டும் இருக்கு. இந்த ரகம் பெரும்பாலும் இருக்கற எடத்த விட்டு நகராது. அது நல்லது. ஆனா வெளிய தெரியறதவிட உள்ள நிறைய ஓடியிருக்கும், வேர் மாதிரி. கண்ணுக்குத் தெரியாது. அதனால கட்டிய மட்டும் எடுத்தாப் பத்தாது. சுத்தி நல்லா இருக்கற தோலையும் அகலமா எடுக்கணும், அடியில சதை வரைக்கும். எடுத்ததோட ஓரத்தையெல்லாம் லேப்ல பாப்பாங்க. எல்லா ஓரமும் சுத்தமா இருந்தா முடிஞ்சது. எந்தப் பக்கமாவது மிச்சம் இருந்தா அந்தப் பக்கம் மறுபடி வெட்டணும்."

"அதுவரைக்கும் தையல் போடுவீங்களா?" என்று கேட்டாள் மனைவி. தைக்கிறவளுக்குத் தோன்றுகிற கேள்வி.

"மாட்டோம். கட்டு மட்டும்தான். சுத்தம்னு தெரிஞ்சப்புறம் தொடையில இருந்து தோல் எடுத்து மூடுவோம்." பிறகு ஒட்டகத்தைப் பார்த்து, "எவ்வளவு நாளா இருக்குங்க இது?" என்றாள்.

"ரெண்டு வருஷம் இருக்கும்."

டாக்டரம்மா மைத்துனனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

அடுத்த தடவை போனபோது மனைவி ஒரு துணிப்பை கொண்டுபோனாள். உள்ளே பழைய சும்மாடுகள். கிழிந்தவற்றை எறிய மனசு வராமல் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். "நீங்க எத்தன வருஷம்னு கேட்டீங்க. எனக்குத் தேதியெல்லாம் தெரியாது. இது இப்ப போட்டுக்கிட்டிருந்தது. இது அதுக்கு முந்தினது. இது அதுக்கும் முந்தினது. ஒண்ணு தேய ரெண்டு மூணு வருஷம் ஆகும்."

வரிசையின் கடைசியில் இருந்ததில் ஒரு பட்டன் நுழைகிற ஓட்டை. முதலில் இருந்ததில் கையையே விடலாம். டாக்டரம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்துக் காஜாவை விரலால் தடவினாள்.

"இந்த ஓட்டை எதுக்கு?"

"வலிக்காம இருக்கத்தாங்க."

"நான்தான் அக்காகிட்ட வைக்கச் சொன்னேன்" என்றான் மைத்துனன்.

"நீ சொன்னா? வெட்டினது நான்" என்றாள் அவள்.

ஒட்டகத்துக்கு இவர்கள் எதற்குப் போட்டி போடுகிறார்கள் என்று விளங்கவில்லை. "ஒருநாளும் வலிச்சதில்ல டாக்டர். அவ்வளவு பதமாத் தைப்பா" என்றார். டாக்டரம்மா சும்மாட்டைக் கீழே வைத்துவிட்டு, படுக்கை கிடைத்ததும் வெட்டிவிடலாம் என்றாள்.

வெட்டினார்கள். வீட்டுக்கு அனுப்பியபோது தோளில் தலையணை மாதிரி கட்டு. வீடு மூன்றாவது மாடி. ஊரில் பாதி வீட்டுச் சாமானை மாடி ஏற்றிய மனிதர், தன் உடம்பை ஏற்ற ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். மைத்துனன் பின்னாலேயே கையை ஏந்தியபடி வந்தான். "என்னடா, ஃப்ரிட்ஜ் வருதுன்னு நெனப்பா?" என்று கேட்டுவிட்டு மறுபடி ஏறினார்.

அந்த மாதம் மழை விடவே இல்லை. ஒரே அறை, ஒரு ஜன்னல், அடுப்புக்கு மேலே குறுக்கே கட்டிய கயிற்றில் காயாத துணி. மருந்து வாடையும் ஈரத் துணி வாடையும் சூப் வாடையும் கலந்து கிடந்தன. கட்டு மாற்ற நர்ஸ் வந்தபோது மனைவிதான் பாத்திரம் பிடித்தாள். கட்டை முழுசாக எடுத்ததும் பார்த்தாள். வட்டமாக, சுற்றிலும் இடம் விட்டு, ஓரம் நேர்த்தியாக ஒரு பள்ளம். அவள் சும்மாட்டில் வெட்டுகிற மாதிரியேதான் வெட்டியிருந்தார்கள், அதைவிட ரொம்பப் பெரிதாக. பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"எப்படி இருக்கு?" என்றார் அவர்.

"நல்லா சுத்தமா வெட்டியிருக்காங்க."

"அப்ப ஓரம் சுத்தமாத்தான் வரும்."

அந்த வீட்டில் அந்த நாட்களில் வேறு பேச்சே கிடையாது. ஓரம் சுத்தமாக வரவேண்டும். அது வந்துவிட்டால் மூடிவிடுவார்கள், மூடிவிட்டால் முடிந்தது. மைத்துனன் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் "போன் வந்துச்சா?" என்பான். அவனுக்கு இப்போது முன்னால் போவது நெட்டையன் என்று ஒரு ஆள். நல்லவன்தான். ஆனால் வாயைத் திறக்க மாட்டான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா அவனுக்கு?" என்று ஒட்டகம் படுக்கையில் இருந்தபடி கேட்டார்.

"கேட்டா, 'கால்ல தெரியும்ல'ங்கறான் மாமா. அவன் கால்ல தெரியும், என் கால்ல எப்படித் தெரியும்? இன்னைக்குப் படி முடிஞ்சிருச்சு, அவன் சொல்லல. இன்னொரு படி இருக்குன்னு காலை எறக்கினேன். இடுப்பு வரைக்கும் அதிர்ந்துருச்சு. பீரோக் கண்ணாடி போச்சு."

"கண்ணாடி போனாப் போகட்டும். உன் முட்டி?"

"இருக்கு."

"அவன் ஒசரமா வேற இருக்கானா, பாரம் உன்மேல சாயும். பட்டைய ஒரு பிடி எறக்கிப் போடு. நான் வர்றவரைக்கும் சமாளி."

போன் வந்தது. மூன்று பேரும் போனார்கள். கழுத்துப் பக்க ஓரத்திலும் அடியிலும் மிச்சம் இருக்கிறது என்றாள் டாக்டரம்மா. இன்னொன்றும் சொன்னாள். கட்டியின் நடுவில் ஒரு பகுதி குணம் மாறியிருக்கிறதாம். "மொதல்ல எடுத்த துணுக்குல அது இல்ல. முழுசா எடுத்துப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. இது கொஞ்சம் முரட்டு ரகம்."

"எத்தன நாளா மாறியிருக்கும்?" என்று கேட்டான் மைத்துனன்.

"சொல்ல முடியாது."

அவன் அதையே வேறு வேறு விதமாகக் கேட்டான். இந்த வருஷமா, போன வருஷமா, பட்டன் அளவுக்கு இருந்தபோதே எடுத்திருந்தால் மாறியிருக்குமா. முதல் இரண்டுக்கும் அவள் பொறுமையாக, சொல்ல முடியாது என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண். கடைசிக் கேள்வி வந்தபோது குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

மறுபடி வெட்டினார்கள். மறுபடி காத்திருந்தார்கள். இந்த முறை கழுத்துப் பக்கம் சுத்தம். அடியில் மட்டும் போகவில்லை. எலும்புக்கும் கைக்குப் போகிற நரம்புகளுக்கும் நடுவே இறங்கியிருந்தது. இனி எடுப்பதென்றால் தோளோடு கையை எடுக்கவேண்டும் என்றாள் டாக்டரம்மா. அதற்கு முன்னால் நெஞ்சை ஸ்கேன் செய்து பார்த்துவிடலாம், நீங்களும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள் என்று அனுப்பினாள்.

வீட்டில் பேசினார்கள். பேசினார்கள் என்றா சொல்வது, அண்டை அசல் கதவெல்லாம் திறந்துகொண்டது.

"கையை எடுத்துட்டு நான் என்ன பண்றது? சட்டைக் கைய மடிச்சுக் குத்திக்கிட்டுக் கடை வாசல்ல உக்காரவா?"

"உக்காருங்க. நானும் பக்கத்துல உக்காரறேன்."

"சாப்பாடு?"

"நான் ஊட்டறேன்."

"சட்டை?"

"நான் போட்டுவிடறேன்."

"கழுவ?"

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "அதுக்குத்தான் தம்பி இருக்கான்ல."

ஒட்டகம் சிரித்துவிட்டார். சிரித்ததில் தோள் இழுத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. மைத்துனன் சிரிக்கவில்லை. "மாமா, ஓரம் சுத்தமாகணும். அதுக்கு எதை எடுத்தாலும் எடுக்கட்டும். நான் தூக்கறேன். எல்லாத்தையும் நான் தூக்கறேன். நீங்க வந்து படியில நின்னு படி படின்னு சொன்னாப் போதும். நெட்டையனுக்கு வாயி நீங்கதான்."

"ஒரு ஆள் தூக்க, ஒரு ஆள் கத்தவா? கடைக்காரன் ஒத்துப்பானா?"

"ஒத்துக்க வைக்கறேன்."

ஒட்டகம் வலது கை விரல்களை ஒருதடவை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு, "சரி, எடுத்துத் தொலையட்டும். இடது கை சும்மாதானே இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து அவர் இடது கையைப் பழக்கினார். பிடிவாதக்காரர். வலது கையை இடுப்போடு கட்டிவிடச் சொல்லி, இடது கையால் சூப் குடித்தார். முதலில் பாதி மார்பில்தான் போனது. ரொட்டியை முழங்கையால் அழுத்திப் பிய்த்தார். பட்டன் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். காலையில் எழுந்ததும் மனைவியைக் கூப்பிட்டு, "பாரு, பாத்துக்கிட்டே இரு" என்று ஒற்றைக் கையால் முட்டை உரித்துக் காட்டினார். அவள் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி சந்தோஷமாகத்தான் பார்த்தாள். கையை விலையாகக் கொடுத்தாவது ஆளை வாங்கிவிடலாம் என்று அந்த நாட்களில் அவள் நிஜமாகவே நம்பினாள்.

ஸ்கேன் முடிவு வந்த அன்று ஒட்டகம் உள்ளே கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா மற்ற இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"கையை எடுக்க வேண்டியதில்லைங்க" என்றாள்.

மனைவி கைகூப்பப் போனாள். டாக்டரம்மா அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "ரெண்டு நுரையீரல்லயும் புள்ளி புள்ளியா இருக்கு. நெறய. இனிமே கையை எடுத்து ஒரு பிரயோஜனமும் இல்ல. புண்ண மூடிடலாம். மாத்திரை ஒண்ணு இருக்கு, தர்றேன். கொஞ்சம் நாளத் தள்ளும். அவ்வளவுதான். அவர்கிட்ட நானே சொல்றேன்."

"வேணாம். நாங்க சொல்லிக்கறோம்" என்றாள் மனைவி.

"கண்டிப்பா சொல்லணும்."

"சொல்றோம்."

உள்ளே போய், கையை எடுக்கவேண்டாம் என்பதை மட்டும் டாக்டரம்மா ஒட்டகத்திடம் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. "அப்ப நான் இத்தன நாள் சூப்ப மேல கொட்டிக்கிட்டதெல்லாம் தண்டமா?" என்றார். பக்கத்துப் படுக்கைக்காரரிடம் வலது கையைத் தூக்கிக் காட்டினார். பாதிதான் தூக்க முடிந்தது. மைத்துனன் மருந்து வாங்கிவருகிறேன் என்று போனான். வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

தொடைத் தோலை எடுத்துப் பள்ளத்தை மூடினார்கள். அது ஒட்டிக்கொண்டது. நர்ஸுகள் இவ்வளவு நன்றாக ஒட்டிப் பார்த்ததில்லை என்றார்கள். திமில் இருந்த இடத்தில் இப்போது பளபளவென்று ஒரு குழி. பார்க்க வந்த ஆட்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திணறினார்கள். அவரோ, "என்னடா முழிக்கறீங்க, ஒட்டகம்னே கூப்பிடுங்க. தண்ணி தீந்துபோன ஒட்டகம்" என்றார். அக்காவும் தம்பியும் இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். அவள் அவனைப் பார்ப்பாள், அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவான். ஒட்டகத்துக்கு இருமல் வந்தது. ஈரக் காற்று என்றார்கள்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். மைத்துனன் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தான். ஒட்டகம் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்க் கட்டடத்தில் யாரோ சோபாவை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "ஒரு சும்மாடு தைச்சுக் குடு" என்றார்.

அடுப்படியில் இருந்த அவள் கை நின்றது. "எதுக்குங்க?"

"எதுக்குன்னா? வேலைக்குத்தான்."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான். இதுதான் சொல்லவேண்டிய நேரம் என்று இருவருக்கும் தெரிந்தது. வாய் திறப்பதைவிடத் தைப்பது சுலபம் என்று அவள் பெட்டியைத் திறந்து கம்பளியை எடுத்தாள். நாலாக மடித்தாள். கெட்டித் துணியை மேலே வைத்தாள். பழக்க தோஷத்தில் நடுவே கிள்ளிப் பிடித்துக் கத்திரிக்கோலை எடுத்தாள்.

"ஓட்டை வேணாம்" என்றார்.

"ஆமா, இடது தோளுக்குத்தானே. மறந்துட்டேன்."

"எந்தத் தோளோ. எனக்கில்ல. நெட்டையனுக்கு." மைத்துனன் பக்கம் திரும்பினார். "மாப்ள, அவனுக்குச் சொல்லிக்குடு. படி வந்தா படின்னு வாய் விட்டுச் சொல்லணும். முன்னாடி போறவன்தான் சொல்லணும். நீ நாளைக்கு முட்டிய ஒடச்சுக்கிட்டா இவளுக்கு யாரு இருக்கா?"

"என்ன மாமா பேசறீங்க. கைதான் தப்பிச்சிருச்சுல்ல."

"தப்பிச்ச கையை அந்த டாக்டரம்மா ஒரு தடவகூடத் தொட்டுப் பாக்கலையே. முன்னெல்லாம் வெரல மடக்கு, நீட்டு, அமுக்குன்னு உசிர எடுப்பா. அன்னைக்கு என் மூஞ்சிய மட்டும் பாத்துட்டுப் போயிட்டா." அவர் இருமினார். இருமல் அடங்கக் காத்திருந்தார். "நீங்க சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். உங்களத் திட்டி என்ன ஆகப்போவுது. பின்னாடி வர்றவங்க நீங்க. தரை வந்தா நான்தானே சொல்லணும்."

மைத்துனன் அப்படியே குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நான்தான் மாமா. அன்னைக்கே ஆஸ்பத்திரின்னு சொல்லியிருக்கணும். ஓட்டைன்னு சொன்னேன்."

"ஏன்டா, என் தோளு நோகக்கூடாதுன்னு நெனச்ச. அதுல என்ன தப்பு?" என்றார் ஒட்டகம். கொஞ்ச நேரம் எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார். சோபா திருப்பத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் உதடு தானாக அசைந்தது. பிறகு மனைவியிடம், "தைச்சதும் நெட்டையன் தோள்ல நீயே வச்சுப் பாரு. தடிப்பா ஏதாச்சும் தட்டுப்பட்டுச்சுன்னா, பாவம்னு ஓட்டை போட்டுக் குடுத்துராத. வலிக்கட்டும். வலிச்சாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவான்" என்றார்.

அவள் கத்திரிக்கோலைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் கண் தெரியவில்லை. தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கிக் கோத்துக் கொடுத்தான்.